வெயில் தின்னும் மீன்

என் நண்பர்கள் வெளியிட்ட ஆல்பத்தை நான் ஒரு வருடம் கேட்கவில்லை. ஆனால் அதைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களை ஒன்றுவிடாமல் படித்தேன். படிப்பதால் ஆபத்தில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

எங்கள் இசைக்குழுவின் பெயர் ‘தூங்குமூஞ்சி’. பொன்மலை ரயில்வே காலனியில் வரிசையாக நிற்கும் மரங்களின் பெயரை இமெல்டாதான் எடுத்து வைத்தாள். அவள் பாடகி. அவள் கணவன் அஷ்ரஃப் கிட்டார். லியோ பேஸ் கிட்டார். குணாளன் என்கிற நான் டிரம்ஸ். நாங்கள் நான்கு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நான் ரயில்வே பணிமனையில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். மாலையில் வாசிப்பேன்.

எங்கள் இசையை ராக் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்பவர்களுக்குத் தலை கொஞ்சம் சுற்றும். அஷ்ரஃப் கிட்டாரைப் பதிவு செய்து பின்னாலிருந்து முன்னாக ஓடவிடுவான். லியோ பணிமனைச் சம்மட்டிச் சத்தத்தை நீட்டி நீட்டி மேகம் மாதிரி ஆக்கிவிடுவான். அதற்கு நடுவே இமெல்டா, அடுப்படியில் நின்றுகொண்டு யாரையோ கூப்பிடுவது போலச் சாதாரணமாகப் பாடுவாள். அதுதான் எங்கள் விசேஷம்.

முதல் ஆல்பத்துக்காக இரண்டு வருடம் ஒன்பது பாட்டுகளைத் தயார் செய்தோம். ‘வெயில் தின்னும் மீன்’ என்ற தலைப்புப் பாட்டு மட்டும் பதினோரு நிமிடம். ஒத்திகைகளைப் பதிவு செய்ய இமெல்டா விடமாட்டாள். “வெந்துக்கிட்டு இருக்கறப்ப மூடியைத் திறக்காதீங்கடா,” என்பாள். ஸ்டுடியோவுக்குப் போக எட்டு நாள் இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல். நான்காம் நாள் போய்விட்டாள். முப்பத்து நான்கு வயது.

அந்த ஒன்பது பாட்டுகளும் அவள் குரலில் எங்கேயும் இல்லை. எங்கள் மூன்று பேர் தலைக்குள் மட்டும்தான் இருந்தன.

போனில் கிடந்த அவள் பேச்சை வைத்து கம்ப்யூட்டரில் பாட வைத்துப் பார்த்தான் அஷ்ரஃப். குரல் அவளுடையதுதான். ஆனால் எந்தச் சொல்லை இழுப்பாள், எதை விழுங்குவாள் என்று அதற்கு எப்படித் தெரியும்? இரண்டு நிமிடத்தில் அணைத்துவிட்டான்.

ஆறு மாதம் கழித்து லியோதான் பெங்களூரில் இருந்த ஆய்வுக்கூடத்தைக் கண்டுபிடித்தான். காதால் கேட்டு மனதில் தங்கிய ஒலியை மூளையிலிருந்து அப்படியே எடுத்துத் தருகிறார்களாம். மூன்று பேரும் ரயிலேறிப் போனோம்.

எங்களோடு பேசியவர் சுகிர்தா என்ற ஆய்வாளர். நாகர்கோவில்காரர். மேசை மேல் ஹெல்மெட் மாதிரி ஒன்று இருந்தது. அதை அவர்கள் தொப்பி என்றே சொன்னார்கள்.

“ஒரு பாட்டை நீங்க மனசுக்குள்ள நினைச்சுப் பாக்கறீங்கன்னு வைங்க,” என்றார். “அப்ப மூளை அதை உள்ளேருந்து வெளிய எடுக்குது. பாத்து முடிச்சதும் திரும்ப எழுதி உள்ள வைக்குது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அந்த எடுக்கறதுக்கும் வைக்கறதுக்கும் நடுவுல நாங்க பிடிச்சுடுவோம்.”

“பிடிச்சப்புறம் திரும்ப உள்ள போகாதா?” என்று கேட்டேன்.

“போகாது. அதை மறைக்காம சொல்லிடறது எங்க கடமை. அவங்க முகம் இருக்கும். என்ன பேசினாங்க, எப்பச் சண்டை போட்டாங்க, எல்லாம் இருக்கும். பாட்டு வரி, ராகம்கூட இருக்கும். அவங்க குரல் மட்டும் இருக்காது.”

“அதான் பதிவாயிடுதே. போட்டுக் கேட்டுக்கலாமே,” என்றான் லியோ.

“கேக்கலாம். ஆனா தெரிஞ்சவங்க குரல் மாதிரி இருக்காது. அவங்க பழைய போன் பேச்சைக் கேட்டாலும் அப்படித்தான். புதுசா யாரோ பேசற மாதிரி இருக்கும்.”

வெளியே வந்து ஒரு ஜூஸ் கடையில் நின்றோம். அஷ்ரஃப் முன்பே முடிவு செய்துவிட்டான் என்பது அவன் டம்ளரைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“உனக்கு அவ குரல் வேணாமா?” என்றேன்.

“எனக்கா? எனக்கு வேற என்னடா வேணும்?” என்றான். “ஆனா அவ ரெண்டு வருஷம் இந்தப் பாட்டுக்காக உட்கார்ந்தா மாப்ள. ஒரு வார்த்தைக்காக ஒரு வாரம் என்கூடப் பேசாம இருந்திருக்கா. அதை நாம மூணு பேர் மண்டைக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டு, ஒவ்வொருத்தனா சாகறதா?”

“நான் குடுக்க மாட்டேன்.”

“மூணு பேரும் குடுத்தாத்தான் முழுசா வருமாம்.”

“என்னால முடியாது அஷ்ரஃப்.”

லியோ என்னைத் திட்டினான். சுயநலம் பிடித்தவன் என்றான். அது உண்மைதான். அன்றோடு குழுவிலிருந்து விலகினேன். என் முடிவைச் சொல்ல நான் மட்டும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். கிளம்பும்போது சுகிர்தா என்னை நிறுத்தினார்.

“நீங்க குடுக்காதது உங்க உரிமை. ஆனா ஒரு விஷயம். ஆல்பம் வந்தப்புறம் கேக்காதீங்க. அதைப் பத்திப் படிச்சா ஆபத்தில்ல. இவ்வளவு துல்லியமா இருக்கறதைக் கேட்டா, உங்களுக்குள்ள இருக்கறது மேல அது எழுதிடும். அதுக்குத் தொப்பியே தேவையில்ல. எல்லார் மூளையும் செய்யற வேலைதான் அது.”

இரண்டு பேரின் நினைவிலிருந்தே ஒன்பது பாட்டுகளையும் எடுத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து வேறொரு டிரம்மரை வைத்து மற்றதை முடித்தார்கள். அடுத்த மார்ச்சில் ஆல்பம் வந்தது.

யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு அது போனது. முதலில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில். பிறகு ஜப்பானில், பிரேசிலில். மொழி தெரியாதவர்கள் வரிகளை எழுதிவைத்துப் பாடினார்கள். லண்டன் பத்திரிகை ஒன்று பத்துக்கு ஒன்பது போட்டது. ‘இந்தக் குரல் நம் எதிரே இல்லை, நமக்குள்ளிருந்து வருகிறது’ என்று எழுதியது. இன்னொருவர், ‘இறந்தவரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், இது திருட்டு’ என்று நான்கு பக்கம் திட்டினார். அந்தத் திட்டுக்குப் பிறகு இன்னும் பல லட்சம் பேர் கேட்டார்கள்.

நான் நன்றாக நினைவு வைத்திருப்பது நப்பின்னை ராஜாராம் என்ற விமர்சகர் தமிழில் எழுதியது. ‘ஒரு பெண் பாடுவதைக் கேட்கிற ஆல்பம் அல்ல இது. ஒரு பெண்ணை யாரோ கேட்டுக்கொண்டிருப்பதை நாம் ஒட்டுக் கேட்கிறோம்’ என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: ‘இன்றைய பாடகர்களிடம் தேய்ந்துபோன ழகரம் இவரிடம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! நிழல் என்று அவர் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கே நிழல் விழுகிறது.’

அதைப் படித்துவிட்டு நான் பத்திரிகையைக் கீழே வைத்தேன்.

இமெல்டாவுக்கு ழ வராது. மழையை மளை என்பாள், நிழலை நிளல் என்பாள். பள்ளியில் தமிழாசிரியை பெஞ்சில் ஏற்றி நிற்க வைத்தும் வரவில்லை. அவள் பாடும்போது எங்கே நிளல் வருமோ அங்கே எனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வரும். பின்னால் உட்கார்ந்திருப்பதால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

விமர்சகர் ஏதோ தவறாகக் கேட்டிருப்பார் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

அந்த ஒரு வருடம் சுலபமாக இல்லை. டீக்கடையில் அந்த ஆல்பத்தின் கிட்டார் சத்தம் கேட்டாலே டம்ளரை வைத்துவிட்டு வெளியேறுவேன். பணிமனையில் காதில் வைத்துக்கொள்ளத் தரும் ரப்பர் அடைப்பான்களைப் பேருந்திலும் வைத்துக்கொண்டேன். கூட வேலை செய்பவர்களிடம் காதில் சீழ் என்று சொல்லிவைத்தேன். வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மொட்டைமாடிக்குப் போய்க் கண்ணை மூடி ஒரே ஒரு பாட்டை மட்டும் உள்ளே ஓடவிடுவேன். அதிகம் எடுத்தால் தேய்ந்துவிடுமோ என்று பயம்.

என் மனைவி பிரமிளா ஒருநாள் துணி காயப்போட மாடிக்கு வந்தவள், நான் முடிக்கும்வரை நின்றாள்.

“ஒண்ணு கேக்கவா? நீ இமெல்டாவை விரும்புனியா?”

“இல்ல.”

“கோபத்துல கேக்கல.”

“தெரியல பிரமி. அவ பாடறப்ப நான் பின்னாடி இருந்தேன். அவ முதுகைத்தான் பாத்திருக்கேன். அந்தப் பாட்டு இருக்கற வரைக்கும் வேற எதுவும் வேணும்னு தோணாது. அதுக்குப் பேரு என்னன்னு தெரியல.”

அவள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். “நான் அந்த ஆல்பத்தை இயர்போன்ல கேட்டேன். நீ வேலைக்குப் போனப்புறம். நல்லா இருக்கு,” என்றாள். பிறகு, “உன்கிட்ட எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது இல்ல,” என்றாள்.

அடுத்த வருடம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடுகிற நேரத்தில், அஷ்ரஃப் வந்தான். பெங்களூர் ஜூஸ் கடைக்குப் பிறகு அன்றுதான் அவனைப் பார்க்கிறேன். மெலிந்திருந்தான். பிரமிளா இன்னொரு தட்டு வைத்தாள். சோற்றைப் பிசைந்தானே தவிர அதிகம் சாப்பிடவில்லை.

சாப்பிட்டு மாடிக்கு வந்தோம். சிமெண்ட் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தோம்.

“லியோ எப்படி இருக்கான்?”

“பெர்லின்ல இருக்கான். அவனுக்குப் பிரச்சனை இல்ல. நல்ல பாடகிடா, யாரோன்னு சொல்லிட்டு ரசிச்சுக் கேக்கறான்.” அஷ்ரஃப் சிரிக்க முயன்றான். “எனக்கு முடியல மாப்ள. தினமும் போட்டுக் கேக்கறேன். ஒருநாளாவது அவ குரல்னு மனசுல தட்டும்னு. அவ போன்ல அனுப்பின பேச்சு நானூறு இருக்கு. அரிசி வாங்கிட்டு வா, கேஸ்காரன் வந்தான், எங்கடா இருக்கன்னு. எல்லாம் யாரோ ஒரு பொம்பள என்கிட்ட உரிமையாப் பேசற மாதிரி இருக்கு. கூச்சமா இருக்கு எனக்கு.”

அவன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

“இப்ப ஒரு சந்தேகம் வந்துடுச்சு. அது உண்மையிலேயே அவதானா? இல்ல, அந்த மெஷின் எங்க ரெண்டு பேரையும் கலந்து புதுசா ஒருத்தியை உண்டாக்கிடுச்சா? அவ அக்கா கேட்டு அழுதாங்க. அவங்க கேட்டது வீட்டுக் குரல். இந்தப் பாட்டை அவங்க கேட்டதே இல்ல. ஊரெல்லாம் அவதான்னு எழுதுது. அவங்க யாரும் அவளைக் கேட்டதில்ல.” என் முழங்காலைப் பிடித்தான். “நீ ஒருத்தன்தான் இருக்க. கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லு. அவதான்னோ இல்லைன்னோ. எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன்.”

“நான் இன்னும் கேக்கல அஷ்ரஃப்.”

“கோபமா?”

“கோபம் இல்ல.” சுகிர்தா என்னிடம் சொன்னதை அவனிடம் சொன்னேன். கேட்டால் என்னிடம் இருப்பதும் போய்விடும் என்று.

அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து, பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

“அப்ப வேணாம். எங்கயாவது ஒரு இடத்துல அவ இருக்காளே, அது போதும். நான் கிளம்பறேன்டா.”

படியிறங்கினான். கீழே அவன் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பிரமிளாவிடம் ஏதோ சொல்லி விடைபெற்றான். மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தேன். வெயிலில் குனிந்தபடி நடந்தான். அவன் என்னிடம் கோபித்திருந்தால் நான் அவனைப் போகவிட்டிருப்பேன். ஆனால் என்னிடம் அவள் குரல் இருப்பதை எண்ணி அவன் சந்தோஷப்பட்டுக்கொண்டு போகிறான். அவளோடு பத்து வருடம் வாழ்ந்தவன். நான் அவள் முதுகை மட்டும் பார்த்தவன்.

“அஷ்ரஃப்!” என்று கத்தினேன். “மேல வா.”

அவன் வந்ததும், “ஒரே ஒரு நிமிஷம் இரு,” என்றேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். அவளைக் கடைசியாக ஒருமுறை உள்ளே பாடவிட்டேன். முழுப்பாட்டு இல்லை. இரண்டு வரிதான். அதற்குமேல் அவனைக் காக்க வைக்க மனம் வரவில்லை.

பிறகு இயர்போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

முதல் பாட்டு தொடங்கியது. கிட்டார் பின்பக்கமாக அலை உள்வாங்குவது போல வந்தது. அவள் பாடினாள்.

குரல் அவளுடையதுதான். தொண்டையில் அந்த லேசான கரகரப்பு, வரி முடியும்போது மூச்சு வெளியே கசிவது, எல்லாம் இருந்தது. அடுத்த வரியில் நிழல் வந்தது.

நிழல் என்றுதான் பாடினாள். ழகரம் அழகாக, நாக்கு மடிந்து, விமர்சகர் எழுதியிருந்தபடியே வந்தது.

மழை வந்தது. வழி வந்தது. ஒன்றுகூட ள இல்லை. அவளுடைய எந்தக் குறையும் இல்லை. மேலே போகும்போது ஒரு இழை குறையும் சுருதி குறையவில்லை. அவசரத்தில் வார்த்தையின் வாலை விழுங்குவாளே, அது இல்லை. எனக்கு மெதுவாகப் புரிந்தது. மெஷின் எதையும் மாற்றவில்லை. அஷ்ரஃப் காதில் அவள் எப்போதும் இப்படித்தான் பாடியிருக்கிறாள்; லியோவின் நினைவைவிட அவனுடையதே ஓங்கி நின்றிருக்கிறது. அவன் அவளிடம் ஒரு தப்பைக்கூடக் கேட்டதில்லை.

ஒன்பது பாட்டும் கேட்டேன். ஐம்பத்திரண்டு நிமிடம். நடுவில் பிரமிளா இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அஷ்ரஃப் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இயர்போனைக் கழற்றினேன்.

“அவதானா?”

“அவதான்.”

“நிஜமாவா? ஏதாவது வித்தியாசம்…”

“ஒண்ணும் இல்ல. அவதான் மாப்ள.”

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். இமெல்டா இறந்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. நான் அவன் தோளில் கை வைத்திருந்தேன். நான் சொன்னது பொய்யா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அவன் போன பிறகு, வெயில் தாழ்ந்ததும், உள்ளே தேடிப் பார்த்தேன். நிளல் என்று அவள் பாடுவதைக் கேட்க முயன்றேன். நிழல் என்று வந்தது. மீண்டும் முயன்றேன். சுத்தமாக, அழகாக, நிழல். அவளுக்கு ழ வராது என்பது எனக்குத் தெரியும். சத்தியம் செய்வேன். ஆனால் அது இப்போது ஒரு தகவல். அவள் ரத்த வகை தெரிந்திருப்பது மாதிரி.

கீழே இறங்கி வந்தேன். பிரமிளா என் முகத்தைப் பார்த்தாள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் அழுகை வந்தது.

ஒரு மாதம் கழித்து அஷ்ரஃப் போன் செய்தான். காலனி மன்றத்தின் கூடத்தை ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்திருப்பதாகச் சொன்னான். “சும்மாதான். ரெண்டு பேரும் வாசிப்போம். பாட யாரும் வேணாம்.” ஒன்றரை வருடமாகப் படுக்கைக்கு அடியில் கிடந்த டிரம்ஸை எடுத்துத் துடைத்து ஆட்டோவில் ஏற்றினேன்.

கூடத்தில் ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். தலைப்புப் பாட்டை எடுத்தான். கிட்டார் நான்கு சுற்று போகும், பிறகு குரல், குரலோடு நான் இறங்க வேண்டும். குரல் இல்லாததால் மனதில் எண்ணிக்கொண்டு இறங்கினேன். அஷ்ரஃப் நிறுத்தினான்.

“என்னடா, லேட்டா வர்ற?”

“இல்லையே.”

“திரும்ப.”

திரும்ப வாசித்தோம். அவன் மறுபடியும் நிறுத்தினான். ஒன்றரை வருடம் குச்சியைத் தொடாததுதான் காரணம் என்று நினைத்து, மூன்றாம் முறை நான் மிகக் கவனமாக எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் கை நின்றது. ஒரு மயிரிழை நின்றுவிட்டுத்தான் விழுந்தது.

அஷ்ரஃப் என்னைப் பார்க்காமல் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒவ்வொரு தடவையும் அதே இடம்,” என்றான் மெதுவாக. “அதே அளவு. ஆல்பத்துல இது இல்ல.”

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. இரண்டு வருடம் வாரத்துக்கு நான்கு மாலை நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு மயிரிழை பிந்தி வரும் அவள் குரலுக்குக் காத்திருந்திருக்கிறேன். காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. காதுக்கும் அது தெரியாது. யாரும் அதை எடுக்கவும் இல்லை, அதன்மேல் எழுதவும் இல்லை.

அஷ்ரஃப் கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

“நீ மட்டும் வாசி. முழுசா.”

வாசித்தேன். எண்ணவில்லை, கையை அதன் போக்கில் விட்டேன். சில இடங்களில் அது முந்திக்கொண்டு ஓடியது. சில இடங்களில் தயங்கியது. பாதிக்கு மேல் போனபோது ஓரிடத்தில் இரண்டு குச்சியும் காற்றில் அப்படியே நின்றன, முழுதாக ஒரு தட்டு அளவுக்கு.

“இங்க மூச்சு வாங்குவா,” என்றான் அஷ்ரஃப், கண்ணைத் திறக்காமலே.

கை தானாக இறங்கியது. பாட்டு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. தொடர்ந்து வாசித்தேன்.